செக்கர் நம்பிய பச்சைப் பெட்டி

என் வீட்டுக்காரர் பஸ்ஸில் டிக்கெட் செக்கர். இருபத்திரண்டு வருஷமாக ஊரையே சந்தேகப்பட்டுச் சம்பளம் வாங்குகிறவர். தூங்குகிற பயணியைக்கூட நம்ப மாட்டார், "நடிக்கிறான்" என்பார். நான் வாங்கிவந்த தக்காளியை வீட்டில் மறுபடி எடை போடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷன், கம்ப்யூட்டரில் ஷேர் மார்க்கெட் விலை சார்ட்டின் மேல் வந்த இரண்டு கலர் பெட்டிகளை அப்படியே நம்பினார்.

"சிவப்பு சப்ளை சோன். விலை அங்க ஏறினா விக்கிறவங்க காத்திருந்து கீழ தள்ளிடுவாங்க. பச்சை டிமாண்ட் சோன். அங்க இறங்கினா வாங்குறவங்க மேல தூக்கிடுவாங்க. நான் வாங்கின இந்த இண்டிகேட்டர் சாஃப்ட்வேர் தானே வரைஞ்சு குடுக்குது. பழைய சார்ட்டைப் பாரு, ஒரு பெட்டியாவது தப்பா இருக்கா?"

பார்த்தேன். மூன்று மாதத்தில் ஒன்றுகூடத் தப்பாகவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. நான் தையல்காரி. பழுதே இல்லாத துண்டுத்துணி கட்டுக்கட்டாக வந்தால், பழுதையெல்லாம் யாரோ முன்னாடியே வெட்டி எறிந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

"ஒரு வாரம் லீவு போட்டிருக்கேன். இதே மாதிரி வந்துச்சுன்னா அடுத்த திங்கக்கிழமை வேலையை ராஜினாமா பண்ணிட்டு ஷேர் வியாபாரத்தையே முழுநேரமா பார்ப்பேன்" என்றார். வாடகை, மகளின் காலேஜ் எல்லாம் அந்தச் சம்பளத்தில்தான் ஓடுகின்றன. அவருடைய யூனிஃபார்மில் ஒரு பட்டன் விழுந்திருந்தது. தைக்க எடுத்தேன். "இப்ப என்ன அவசரம்? வை" என்றார். என் மேல் கரிசனம் என்று நினைத்துக்கொண்டேன்.

தினமும் காலையில் அவர் குளிக்கப் போனதும், எம்பிராய்டரிக்கு வைத்திருந்த டிரேசிங் தாளை ஸ்கிரீனில் ஒட்டிப் பெட்டிகளை வரைந்தேன். பக்கத்திலேயே விலையையும் எழுதினேன். சாயங்காலம் அவர் வெளியே கிளம்பியதும் ஒப்பிட்டேன். விலை உடைத்துக்கொண்டு போன பெட்டி எதுவும் ஸ்கிரீனில் இல்லை. பலித்தது மட்டும் ஜம்மென்று நின்றது. அடப்பாவி என்றிருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தாள்களை அவர் முன்னால் போட்டேன்.

"இருபத்தி மூணு பெட்டி வரைஞ்சேன். பதினாலைக் காணோம். பொய்யாப் போனதைத் தானே அழிச்சிடுது. அப்புறம் பழைய சார்ட்ல தப்பு எப்படிங்க தெரியும்?"

சண்டைக்குத் தயாராக நின்றேன். அவரோ டிக்கெட்டைப் பார்ப்பதுபோல ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

"என் தலையிலயே மிளகாய் அரைச்சிருக்கானுங்க" என்றார்.

எனக்குப் போன உயிர் வந்தது. "போகட்டும் விடுங்க. திங்கக்கிழமை பேசாம டியூட்டிக்குப் போங்க" என்றபடி பட்டன் தைக்க அலமாரியைத் திறந்தேன்.

"யூனிஃபார்ம் எங்க?"

தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "செவ்வாய்க்கிழமையே டிப்போல ஒப்படைச்சிட்டேன். ராஜினாமா போன வாரமே குடுத்தாச்சு. லீவுன்னு சொன்னது பொய்."

ஐந்து நாளாகப் பெட்டிகளைச் சந்தேகப்பட்ட எனக்கு, மனுஷனைச் சந்தேகப்படத் தோன்றவே இல்லை. அந்தப் பட்டன் இன்னும் என் தையல் டப்பாவில்தான் கிடக்கிறது.