பசியில்லாமல் தின்ற அரிசி

எங்கள் வீட்டு அரிசியில் முதல் பங்கு ஆண்டவருக்கு. அடுத்தது விருந்தாளிக்கு. அதற்கடுத்து அப்பாவுக்கும் அண்ணனுக்கும். பிறகு எனக்கு. அம்மையும் அக்காவும் கடைசி. இப்படி யாரும் சட்டம் போடவில்லை, அது பாட்டுக்கு நடந்துவந்தது. நான் கடைக்குட்டி என்பதால் இதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. சொல்லப்போனால் நல்ல ஏற்பாடு என்றுதான் நினைத்திருந்தேன்.

அப்பா உபதேசியார். பாளையங்கோட்டைக்குக் கிழக்கே ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். அங்கே கோயிலையும் கோயிலை ஒட்டிய பள்ளிக்கூடத்தையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். ஜெர்மன் சண்டை தொடங்க இன்னும் மூன்று நான்கு வருஷம் இருந்த காலம். எங்கள் சபையில் வீட்டுக்கு வீடு ஒரு மண்கலயம் உண்டு. உலை வைக்கும்போது, அளந்த அரிசியில் ஒரு கைப்பிடி எடுத்து, கண்ணை மூடி ஒரு வார்த்தை ஜெபித்து அதில் போட வேண்டும். அதற்குப் பிடியரிசி என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோனால், ஆதரவற்ற விதவைகளுக்கு அதைப் பங்கிட்டுக் கொடுப்பார்கள். எங்கள் வீட்டுக் கலயத்தைத் தூக்கிக்கொண்டு போகிற உரிமை என்னுடையது. அன்றைக்கு என் நடையே வேறாக இருக்கும். உபதேசியார் மகள் என்பதை ஊருக்கு ஞாபகப்படுத்துவது என் கடமை என்று எட்டு வயதிலேயே முடிவு செய்திருந்தேன்.

அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். நான் சொல்லும் இந்த வருஷத்துக்கு முந்தின வருஷம்வரை நாங்கள் இரண்டு பேரும் வீட்டில் தின்றதைவிட வெளியில் மேய்ந்ததுதான் அதிகம். பள்ளிக்கூடம் விட்டதும் ஆற்றங்கரை, பனங்காடு, வயல்வரப்பு என்று ஒரு சுற்று சுற்றுவோம். இலந்தை, நாவல், கொடுக்காப்புளி, முளைவிட்ட பனங்கொட்டையை வெட்டினால் உள்ளே இருக்கும் வெள்ளைத் தவுண், பயிற்றங்காட்டில் பச்சை நெற்று, எதையும் விடமாட்டோம். அக்கா வாய்க்காலில் துண்டை விரித்து அயிரை மீன் அரிப்பதில் கெட்டிக்காரி. சுள்ளி பொறுக்கித் தீ மூட்டி அங்கேயே சுட்டுத் தின்றுவிட்டு, ஒன்றும் அறியாத பிள்ளைகள்போல வீட்டுக்கு வருவோம்.

அவள் பெரிய மனுஷி ஆனதோடு அதெல்லாம் நின்றது. பதினாறு நாள் அவளுக்கு ராஜமரியாதை. உளுந்தங்களி, கருப்பட்டி, நல்லெண்ணெய், பச்சை முட்டை. எனக்கு வயிறு எரிந்தது. பதினேழாம் நாள் மரியாதை முடிந்தது. இடுப்பு எலும்புக்கு வேண்டியதெல்லாம் ஆயுசுக்கும் சேர்த்து அந்தப் பதினாறு நாளில் ஏற்றியாகிவிட்டது என்று பெரியவர்கள் கணக்கு. அதற்கப்புறம் அவளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, ஆற்றங்கரை கிடையாது. அடுப்படியும் புறவாசலும்தான். எங்கள் கோழி இடுகிற முட்டையெல்லாம் பாளையங்கோட்டையில் தங்கிப் படித்த அண்ணனுக்காகச் சனிக்கிழமைவரை காத்திருக்கும்.

நான் வெளியே கிளம்பும்போது அக்கா வாசல்வரை வந்து, "ஏட்டி, எனக்கும் ரெண்டு பறிச்சிட்டு வாட்டி" என்பாள். பறிப்பேன், பொய் சொல்லக்கூடாது. பாவாடையில் முடிந்தும் வைப்பேன். ஆனால் ஆற்றங்கரையிலிருந்து எங்கள் வீடு ரொம்ப தூரம். வழியில் ஒவ்வொன்றாகக் குறைந்து, வாசலுக்கு வரும்போது கொட்டைதான் மிஞ்சியிருக்கும். மறந்துபோச்சு என்பேன். அவள் சரியென்று அடுப்படிக்குத் திரும்பிவிடுவாள். சண்டை பிடித்திருந்தாலாவது இன்றைக்கு எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

உபதேசியார் வீட்டுக்கு விருந்தாளி வராத நாள் கிடையாது. அவர்கள் சாப்பிட்டு ஏப்பம் விட்டு எழுந்தபின் அம்மையும் அக்காவும் அடுப்படியில் உட்காருவார்கள். மீன்குழம்பில் மீன் இருக்காது. சட்டியில் ஒட்டியிருக்கும் மசாலாவில் சோற்றைப் போட்டு அம்மை பிசைந்து இரண்டு பங்காக்குவாள். சோறு குறைந்தால் கஞ்சித்தண்ணியில் உப்புப் போட்டுக் குடிப்பார்கள். அக்கா ஒரு தடவை மீன் கேட்டாள் போலிருக்கிறது. "பொம்பளப்பிள்ளைக்கு நாக்கு நீளப்பிடாதும்மா" என்று அம்மை பையச் சொன்னாள். அம்மை தனக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டு வாழ்ந்தாள் என்பதால் அதில் கொடுமை இருந்ததாக யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு வருஷத்துக்குள் அக்கா வெளுத்துப்போனாள். கறுத்த பிள்ளை, மாநிறத்துக்கு வந்து, பிறகு பழுத்த பூவரச இலை மாதிரி ஒரு மஞ்சளுக்கு வந்தாள். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். பண்ணைவிளையிலிருந்து வந்த அத்தை அவள் முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெயில் படாம நெழல்ல இருக்காள்லா, என்னமா நெறம் குடுத்திருக்கு பாரேன்!" என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள். போகும்போது ஒரு மாப்பிள்ளை வீட்டாரிடம் இந்த நிறத்தைப் பற்றிச் சொல்லி வைப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். எனக்கும் ஆசை வந்து இரண்டு நாள் வெயிலில் இறங்காமல் இருந்து பார்த்தேன். மூன்றாம் நாள் நாவல்பழம் ஜெயித்துவிட்டது.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் கலயத்தின் கனம் குறைய ஆரம்பித்தது. சுமப்பவள் நான் அல்லவா, என் கைக்குத் தெரியாமல் போகுமா? கோயிலில் குட்டை நாடார் வீட்டுப் பிள்ளை என் கலயத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "உபதேசியார் வீட்டுல உலையே வைக்கலியாக்கும்?" என்று கேட்டாள். எனக்கு மானம் போயிற்று. அந்த வாரமே துப்புத் துலக்கினேன். ஒரு மத்தியானம் அடுப்படிக் கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தால், அக்கா கலயத்துக்கு முன்னால் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, அரிசியை அள்ளி அள்ளி வாயில் போட்டு நறுக் நறுக்கென்று மென்றுகொண்டிருந்தாள். கண் பாதி மூடியிருந்தது. ஜெபம் பண்ணும்போதுகூட அவள் முகத்தில் அவ்வளவு சாந்தத்தை நான் பார்த்ததில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அவள் வாயை மூடவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் விழித்தாள்.

"பசிக்காக்கா?"

"பசி இல்லட்டி. பசிச்சா கஞ்சி குடிக்க மாட்டனா? இது வேற. வாய் கேக்குது. செவுத்துச் சுண்ணாம்பப் பாத்தாக்கூட நக்கணும்போல இருக்கு." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பாட்ட சொல்லிராத, என்னட்டி?"

பச்சரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை பெய்யும் என்று சொல்வார்கள். அதைச் சொல்லிக் கேலி செய்யலாமா என்று முதலில் தோன்றியது. ஆனால் அதற்குள் ஒரு பெரிய பயம் வந்துவிட்டது. கடவுளுக்கென்று வைத்ததில் ஒரு பங்கை ஒளித்த புருஷனும் பெண்சாதியும் நின்ற இடத்திலேயே விழுந்து செத்த கதையை அப்பா ஞாயிறு வகுப்பில் எங்களுக்குச் சொல்லியிருந்தார். நன்றாகவே சொல்லியிருந்தார், விழுகிற சத்தம்கூடக் கேட்கும். அக்காவும் அப்படி விழப்போகிறாள் என்று நான் உறுதியாக நம்பினேன். அவளைக் காப்பாற்ற வேண்டும். அப்பாவிடம் சொல்லக்கூடாது என்றுதானே கேட்டாள், ஆண்டவரிடம் சொல்வதில் தப்பில்லையே?

விளக்கு வைத்ததும் எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம். ஆளுக்கொரு ஜெபம், வாய்விட்டுச் செய்ய வேண்டும். என் முறை வந்தது. "ஆண்டவரே, எங்க அக்கா உம்முடைய கலயத்து அரிசியைத் தின்னுட்டா. அவளுக்குப் பசிகூட இல்லை, சும்மாதான் தின்னா. அவளைச் சாகடிச்சிராதேயும், ஆமென்" என்றேன்.

யாரும் ஆமென் சொல்லவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தபோது அக்கா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா முரடர் அல்ல. கையை ஓங்கியதே கிடையாது, அதில் அவருக்கு உள்ளூரப் பெருமையும் உண்டு. அக்காவை முன்னால் நிறுத்தி நிதானமாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பசிச்சுத் தின்னியாம்மா?"

எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஆமாம் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்பா மனம் இளகியிருக்கும். பசித்தவன் தேவாலயத்து அப்பத்தைத் தின்றாலும் குற்றமில்லை என்று பிரசங்கம் செய்கிறவர் அவர். ஆனால் அக்கா உபதேசியார் வீட்டில் பொய் சொல்லாமல் வளர்ந்த பிள்ளை. "இல்லப்பா" என்றாள்.

"பசியில்லாம தின்னா அதுக்குப் பேரு இச்சை" என்றார் அப்பா. இச்சையை அடக்க வழியும் அவரே சொன்னார். கார் நெல் அறுப்பு முடிந்து வரும் தோத்திரப் பண்டிகைவரை, ஒவ்வொரு வேளையும் அக்கா தன் பங்கு அரிசியில் இன்னொரு கைப்பிடி எடுத்துக் கலயத்தில் போட வேண்டும். அடி இல்லை, திட்டு இல்லை. எவ்வளவு நல்ல அப்பா என்று நினைத்தேன்.

அந்த ஆடியும் ஆவணியும் எங்கள் கலயம்தான் சபையிலேயே கனமான கலயம். குட்டை நாடார் வீட்டுப் பிள்ளை அதை எட்டிப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். அக்கா மாடிப்படி இல்லாத வீட்டிலேயே மூச்சு வாங்கினாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றடியிலிருந்து வருவதற்குள் இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்தாள். சோம்பேறி ஆகிவிட்டாள் என்று அண்ணன் சொன்னான்.

பண்டிகையன்று கலயத்தை அவளே பீடம்வரை கொண்டுபோக வேண்டும் என்று அப்பா விரும்பினார். கூட்டத்துக்கு நடுவே அவள் மெதுவாக நடந்து போனாள். பாதிவழியில் நின்றாள். கலயம் முதலில் விழுந்தது, பிறகு அவள். சிதறிய அரிசிமேல் கையை விரித்துக்கொண்டு கிடந்தாள். கோயில் அதிர நான் கத்தினேன், ஆண்டவர் கொன்றுபோட்டார், கொன்றுபோட்டார் என்று.

பாளையங்கோட்டையிலிருந்து பண்டிகைக்கு வந்திருந்த மருத்துவச்சி அம்மாள் ஒருத்தி என்னைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்தாள். கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள், நாக்கை நீட்டச் சொன்னாள். பிறகு அம்மையிடம் திரும்பினாள்.

"பிள்ளை ஒடம்புல சொட்டு ரத்தம் இல்லியே. திங்கதுக்கு என்ன கொடுக்கிய?"

"வீட்டுல எல்லாரும் திங்கதத்தான அவளும் திங்கா" என்றாள் அம்மை.

"அரிசி, சுண்ணாம்பு, மண்ணுன்னு எதையாவது திங்காளா?"

அம்மை அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையில் கிடந்த அரிசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முருங்கைக்கீரை, ஆட்டு ஈரல், கேப்பைக்கூழ், கருப்பட்டி என்று அந்த அம்மாள் விரல்விட்டுச் சொல்லிவிட்டுப் போனாள். ஒரு மாதம்போல அதெல்லாம் நடந்தது, அக்கா உதட்டில் கொஞ்சம் ரத்தம்கூடத் தெரிந்தது. பிறகு அண்ணனுக்குப் பரீட்சை வந்தது, விருந்தாளிகள் வந்தார்கள், அடைமழை வந்தது. பழைய வரிசை தானாகவே திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. அடுத்த வருஷம் அத்தை சொல்லி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்தார்கள். நிறம் பிடித்திருந்தது. அக்காவுக்குப் பதினான்கு முடிந்திருந்தது. தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. போன ரத்தத்தை ஈடுகட்ட அவள் உடம்பில் வேறு ரத்தம் இல்லை. மூன்றாம் நாள் அவளும் போய்விட்டாள். கர்த்தருடைய சித்தம் என்று அப்பா சொன்னார். அப்பாவின் குரல் பிரசங்கத்தில் உடைந்து நான் கேட்டது அதற்குப் பிறகுதான்.

அக்கா போன இரண்டாம் வருஷம் நான் பெரியவளானேன். பதினாறு நாள் மரியாதை எனக்கும் நடந்து முடிந்தது. பதினேழாம் நாள் மத்தியானம், அப்பாவும் இரண்டு விருந்தாளிகளும் கூடத்தில் இலைக்காகக் காத்திருக்கும்போது, அம்மை என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள். குழம்புச் சட்டியைத் திறந்து, நடுத்துண்டு மீன் இரண்டு எடுத்து, முள்ளை நீக்கிச் சோற்றில் பிசைந்து என் முன்னால் வைத்தாள். விருந்தாளிக்கு முன்னால், அப்பாவுக்கு முன்னால். "தின்னுட்டு வாயத் தொடச்சிக்கிட்டுப் போ" என்றாள்.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். என் கல்யாணம்வரை ஒரு நாள் தவறவில்லை. கூடத்திலிருந்து அப்பா ஒரு நாளும் குரல் கொடுத்து அவசரப்படுத்தியதில்லை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவுக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைக்கிறது என்றால் அதற்கு ஒரே காரணம்தானே இருக்க முடியும்? அது தொடங்கி நாலைந்து நாள் கழித்து, வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு, கொஞ்சிக்கொண்டு கேட்டேன்.

"அம்மைக்கு அக்காவவிட என்னையத்தான பிடிக்கும்?"

அம்மை முள் எடுத்துக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்தினாள். பிறகு எழுந்து புறவாசலுக்குப் போனாள். ரொம்ப நேரம் உள்ளே வரவில்லை. கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவளுக்காகக் காத்திராமல், மிச்சமிருந்த மீனையும் நானே தின்று முடித்தேன்.