சிற்பம் என்று எழுதப் பயந்தேன்

ஆண்டவர் தங்களுக்குச் செய்ததைச் சாட்சியாக எழுதுகிற பலர் நோயையும் விபத்தையும் கடந்து வந்தவர்கள். எனக்கு வந்த பாடு ஒரு கல்லூரிப் படிவம். இதையெல்லாம் எழுதலாமா என்று கூச்சமாக இருந்தது. ஆனால் போன ஜூன் மாதம் மூன்று வாரம் நான் சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பல் தொழில்நுட்பத்தில் பட்டயம் முடித்து, தி.நகரில் ஒரு டென்டல் லேபில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். மெழுகில் பல் செதுக்குவது என் வேலை. ஒரு கடைவாய்ப்பல்லின் மேடு பள்ளங்களைக் கொண்டுவரும்போது நேரம் போவதே தெரியாது. இன்னும் பெரிதாக, ஒரு தோளை, ஒரு முகத்தைச் செய்ய முடியுமா என்று கை ஏங்கியது. அந்த ஏக்கத்தில்தான் இருபத்து மூன்று வயதில் நுண்கலைப் பட்டப்படிப்பில் சேர்ந்தேன். முதல் வருடம் எல்லாருக்கும் பொது. இரண்டாம் வருடத்துக்கு ஒரு பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: ஓவியம், சிற்பம், பதிப்போவியம், காட்சித் தொடர்பு.

எனக்குச் சிற்பம் வேண்டும். சொன்ன அன்று அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"செல செய்யப் போறியா? நாமளே செலயெல்லாம் வாணாம்னு கர்த்தர்கிட்ட வந்தவங்க. சபையில கேட்டா இன்னா சொல்லுவேன்? கம்ப்யூட்டர்ல படம் போடுற படிப்பு கீதுன்னியே, அத எடு."

அப்பா இறந்த பிறகு ராயப்பேட்டையில் ஜாக்கெட் தைத்தே என்னை வளர்த்தவர். எதிர்த்துப் பேச மனம் வரவில்லை. அம்மா சொன்ன கம்ப்யூட்டர் படிப்பையே, 'காட்சித் தொடர்பு' என்று படிவத்தில் எழுதினேன்.

நான் எதையும் பட்டியல் போடுகிறவள். ஜெபக் குறிப்பேட்டிலும் எண் போட்டுத்தான் எழுதுவேன். அந்த நாட்களில் எழுதியவை: ஒன்று, அம்மாவின் முட்டிவலி தீர வேண்டும். இரண்டு, கல்லூரிக் காரியத்தில் உமது சித்தம் ஆகட்டும். மூன்று, இந்த ஆசையை என்னைவிட்டு எடுத்துப்போடும். எந்த ஆசை என்றுகூட எழுதவில்லை. தினமும் காலையில் இதையே ஜெபித்தேன். ஆசை போகவில்லை. மயிலாப்பூரில் பஸ் நின்றால், பூ கட்டுகிற ஒரு பெண்ணின் கழுத்தெலும்பையே பார்த்துக்கொண்டிருப்பேன். மடியில் விரல்கள் தாமாக அசையும்.

எங்கள் சபையில் ஹால் டிக்கெட்டோ வேலை விண்ணப்பமோ, எதுவானாலும் ஞாயிறு ஆராதனையில் மேடையில் வைத்து எண்ணெய் பூசி ஜெபிப்பார்கள். அம்மா என் படிவத்தையும் வைத்தார். போதகர் ஐயா எண்ணெய்க் கையை அதன்மேல் அழுத்தி உருக்கமாக ஜெபித்தார். எண்ணெயும் தாராளம்.

திங்கட்கிழமை அம்மாவும் என்னோடு கல்லூரிக்கு வந்தார். அலுவலகத்தில் பெற்றோர் நேரில் கையெழுத்துப் போட வேண்டும். அங்கிருந்த ஊழியர் படிவத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இன்னாமா இது, பஜ்ஜி மடிச்ச பேப்பர் மாறி கீது? எழுத்தெல்லாம் பரவிப் போச்சு."

"ஜெப எண்ணெ நைனா. ஒண்ணும் ஆவாது" என்றார் அம்மா.

"உனக்கு ஆவாதும்மா. ஸ்கேனருக்கு ஆவும். வேற ஃபார்ம் தர்றேன். ரெண்டு மணிக்குள்ள எழுதிக் குடு."

அம்மாவை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, வெற்றுப் படிவத்தோடு படிக்கட்டில் உட்கார்ந்தேன். பேனாவைத் திறந்தேன். எழுத முடியவில்லை. அழுகை வந்தது. அன்றுதான் முதன்முறையாகச் சொன்னேன்: "ஆண்டவரே, எனக்குச் சிற்பம் வேண்டும். ரொம்ப வேண்டும். இத்தனை நாள் உம்மிடம் மறைத்தேன். அம்மா மனம் நோகாமல் இதை எனக்குத் தாரும். ஆனாலும் உமது சித்தம் ஆகட்டும்."

கண்ணைத் திறந்தால் பெஞ்சில் அம்மா இல்லை. தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறார். எங்கள் கல்லூரியில் தண்ணீர்க் குழாய் சிற்பக் கொட்டகையை ஒட்டி இருக்கிறது. தேடிக்கொண்டு போனேன். முதல் வருட மாணவர்களின் வேலைகளை அடுக்கிய அலமாரி முன்னால் அம்மா அசையாமல் நின்றுகொண்டிருந்தார். எதிரே நான் மண்ணில் செய்து சுட்ட இரண்டு கைகள்.

"இது என் கைடி."

"ஆமாம்மா."

"ஊசி ஏறி பொளந்த நகம்கூட கீது. எப்ப பாத்த?"

"தெனமும்தான் பாக்குறேன்."

அம்மா தன் ஆள்காட்டி விரலைத் தூக்கி அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "இத யாரும் வெச்சுக் கும்புட மாட்டாங்களே?"

"உன் கைய யாரும்மா கும்புடுவா?"

அம்மா சிரித்துவிட்டார். சிரிக்கும்போதே கண் கலங்கியது. "இதான் நீ கேட்ட படிப்பா? இதுதான்னு வாய தொறந்து சொல்ல வேண்டியதுதானேடி. எழுது. நான் கையெழுத்துப் போடுறேன்."

ஒன்றரை மணிக்குப் படிவத்தைக் கொடுத்தோம்.

இப்போது நான் சிற்பப் பிரிவில் படிக்கிறேன். சிமெண்ட் பட்டு உள்ளங்கை காய்ந்து வெடிக்கிறது. சபையில் இரண்டு பேருக்கு இன்னும் வருத்தம்தான். அவர்களுக்கு அம்மாவே பதில் சொல்கிறார்: "அவ செய்யறது வேற, கும்புடறது வேற." அம்மாவின் முட்டிவலி தீரவில்லை, அதற்காகத் தொடர்ந்து ஜெபிக்கிறேன். இன்னும் கல்லைத் தொடவில்லை. ஒரு முழு உருவத்தைக் கல்லில் செதுக்கும் நாளுக்காக மனம் ஏங்குகிறது. அந்த ஏக்கத்தை இப்போது பெயர் சொல்லியே ஆண்டவரிடம் கொண்டுபோகிறேன். பட்டியலில் எண் போடுவதை விட்டுவிட்டேன்.

பிரியமானவர்களே, உங்களுக்குள்ளும் சொல்லப் பயந்த ஓர் ஆசை இருக்கலாம். 'உமது சித்தம்' என்ற வார்த்தையால் அதை மூடி வைக்காதீர்கள். முதலில் உங்கள் விருப்பம் இன்னதென்று அவரிடம் சொல்லுங்கள். அதைச் சொன்ன பிறகு 'உமது சித்தம்' என்று சொல்லிப் பாருங்கள். அந்த வார்த்தை எவ்வளவு கனமானது என்று அப்போது தெரியும். எனக்கு அந்தப் படிக்கட்டில்தான் தெரிந்தது.