ஆறையும் ஏழையும் மாற்றி வைத்த கதை

என் மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது, அவள் வகுப்புப் பெண் ஒருத்தி, “உன் அப்பாவுக்கு என்ன வேலை?” என்று கேட்டிருக்கிறாள். இவள் கொஞ்சமும் யோசிக்காமல், “கடல் கட்டுகிறார்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

சிரிக்காதீர்கள் பிள்ளைகளே, அதில் பாதி உண்மைதான். திருவனந்தபுரத்தில், விழிஞ்ஞம் போகிற சாலையில், கடலைப் பற்றி ஒரு புது கண்காட்சி அரங்கு கட்டினார்கள். அதில் ஒரு சுவர் முழுக்கத் திரை. அந்தத் திரையை மாட்டுகிறவர்களில் நானும் ஒருவன். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். வள்ளியூரில் டிவி ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தேன். மகளுக்கு நாலு வயதாக இருக்கும்போது திருவனந்தபுரத்துக் கரமனைக்குக் குடி வந்தோம். கடையில் ஒரு டிவியைச் சுவரில் மாட்டிக் கொடுத்தால் எனக்கு அது பெரிய வேலை. இங்கே பன்னிரண்டு டிவியைச் சேர்த்து ஒரே டிவியாக்க வேண்டும்.

ஒவ்வொரு திரையையும் பானல் என்போம். ஒரு வரிசைக்கு நாலு, மொத்தம் மூன்று வரிசை. மேல் வரிசை ஒன்று முதல் நாலு, நடு வரிசை ஐந்து முதல் எட்டு, கீழ் வரிசை ஒன்பது முதல் பன்னிரண்டு. இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும். படம் என்பது சின்னச் சின்ன புள்ளிகள்தான். ஒரு பானலில் மட்டும் எண்பது லட்சத்துக்கு மேல் புள்ளி. பன்னிரண்டையும் கூட்டினால் கிட்டத்தட்ட பத்து கோடி. மூக்கு இடிக்கிற தூரத்தில் நின்று பார்த்தாலும் மீனின் செதில் செதிலாகத் தெரியும்.

இரண்டு பானலுக்கு நடுவில் சந்து தெரியக் கூடாது. அதற்கு நான் வைத்திருந்த அளவுகோல் காலையில் கரமனையில் ஏறின பஸ்ஸின் டிக்கெட். டிக்கெட் சந்தில் நுழைந்தால் தப்பு, நுழையாவிட்டால் சரி. என்னோடு வேலை பார்த்தவர் நாங்குநேரிக்காரர், வாய் சும்மா இருக்காது. “அண்ணாச்சி, கண்டக்டர் வந்து கேட்டா சுவத்தைக் காட்டுவீங்களா?” என்பார்.

படத்தைச் செய்தது ஒரு மேடம், இந்த ஊர்க்காரர். கடலுக்கு அடியில் பாறை, பாசி, மீன் கூட்டம், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி வைத்த ஒரு பெரிய சுறா எல்லாம் அவர் கம்ப்யூட்டரில் வரைந்தது. சும்மா ஓடுகிற படம் இல்லை. நீங்கள் சுவரில் கை வைத்தால் மீன்கள் சிதறி ஓடும். திரையின் ஓரம் முழுக்க ஒரு சட்டம் உண்டு. அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் போகும். குறுக்கே கை வந்தால் எந்த இடத்தில் வந்தது என்று கம்ப்யூட்டருக்குத் தெரிந்துவிடும். ஒருநாள் யாரும் தொடாமலே மீன்கள் மேல் மூலையில் அலறிச் சிதறின. மேடம் அரைநாள் கம்ப்யூட்டரில் தேடினார்கள். நான் ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். சட்டத்தின் மேல் ஒரு பல்லி. அன்றிலிருந்து எனக்கு அங்கே கொஞ்சம் மதிப்பு. “பல்லி எஞ்சினியர்” என்று நாங்குநேரிக்காரர் கூப்பிடத் தொடங்கினதும் அன்றிலிருந்துதான்.

கண்ணில் மாட்டிக்கொள்கிற பெட்டியும் உண்டு, ஹெட்செட். அதை மாட்டினால் அரங்கு மறைந்து நீங்களே கடலுக்குள் இருப்பீர்கள். மேலே பார்த்தால் படகின் அடிப்பக்கம், கீழே பார்த்தால் மணல். தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க அறையின் நாலு மூலையிலும் கருவி மாட்டினேன். முதல் தடவை நான்தான் போட்டுப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு பாறை. களைப்பாக இருந்தது, சாய்ந்துகொள்ளலாம் என்று கையை ஊன்றினேன். பாறை படத்தில்தானே இருக்கிறது! தரையில் விழுந்தேன். மேடம் பதறி, “அண்ணா, எந்து பற்றி?” என்று ஓடி வந்தார்கள். என்ன ஆச்சு என்று கேட்கிறார்கள். “ஒண்ணுமில்ல மேடம், பாறை வழுக்குது” என்றேன்.

இதையெல்லாம் சாயங்காலம் வீட்டில் சொல்வேன். மகள் மறுநாள் வகுப்பில் சொல்வாள். கடைசியில் அவள் டீச்சரே கேட்டு எழுதி, திறப்பதற்கு முந்தின நாள் முதல் பார்வையாளராக அவளுடைய வகுப்பே வருவதாக ஏற்பாடாகிவிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். அவளுக்கு ஒரே ஒரு நிபந்தனை.

“அப்பா, அங்க என்கிட்ட மலையாளத்துல மட்டும்தான் பேசணும்.”

“ஏட்டி, நம்ம பாஷைக்கு என்ன?”

“பாத்தீங்களா! இந்த ‘ஏட்டி’தான் வேண்டாம்கேன். மலையாளம் வரலேன்னா பேசாம இருங்க.”

எங்கள் ஊரில் பெண் பிள்ளையை ஏட்டி என்றுதான் கூப்பிடுவோம். பள்ளிக்கூட வாசலிலும் அவள் அப்படித்தான். நான் தமிழில் கூப்பிட்டால் காது கேட்காத மாதிரி நடப்பாள். காரணம் கேட்டால் சொல்ல மாட்டாள். சரி, பிள்ளை ஆசைப்படுகிறது, நம் கடல் ஒழுங்காக ஓடி, நாமும் இரண்டு வார்த்தை மலையாளத்தில் சொல்லிவிட்டால் அவள் தலை நிமிர்ந்து நிற்பாள் என்று நினைத்துக்கொண்டேன். “ஸ்வாகதம் மக்களே, கடலிலேக்கு வரூ” என்று பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் சொல்லிப் பழகினேன். வரவேற்கிறேன் பிள்ளைகளே, கடலுக்குள் வாருங்கள் என்று அர்த்தம். ஆறு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், மலையாளம் எனக்குத் தெரியும் என்றுதான் நம்பியிருந்தேன்.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம் மேடம் சுவர் முழுக்க வெள்ளை நிறத்தைப் போட்டுப் பார்த்தார்கள். நடு வரிசையில் ஆறாம் பானலும் ஏழாம் பானலும் மட்டும் லேசான மஞ்சள். வெள்ளை வேட்டியில் டீ சிந்தினது போல. மேடம் உதட்டைப் பிதுக்கினார்கள். அவர்களுக்கு வேறு இடத்தில் அவசர வேலை. கிளம்பும்போது, “அண்ணா, ஆ ஆறும் ஏழும் மாற்றி வைக்கணே. பாக்கி நாளெ ராவிலெ” என்றார்கள். மீதியை நாளைக் காலை பார்க்கலாமாம்.

மாற்றி வைக்க வேண்டும், அவ்வளவுதானே. டிவி ரிப்பேரில் எங்களுக்கு அது பழக்கம்தான். கோளாறு இதிலா அதிலா என்று பார்க்க ஒன்றை இன்னொன்றின் இடத்தில் மாற்றிப் போட்டுப் பார்ப்போம். மேடம் எதையோ சோதிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். நானும் நாங்குநேரிக்காரரும் மூச்சுப் பிடித்து ஆறைக் கழற்றி ஏழின் இடத்தில் மாட்டினோம், ஏழை ஆறின் இடத்தில் மாட்டினோம். ஒவ்வொரு வயரிலும் எண் எழுதி ஒட்டியிருப்பது நான்தான். ஆறாம் எண் வயரை ஆறாம் பானலுக்கும், ஏழாம் எண் வயரை ஏழாம் பானலுக்கும் தப்பில்லாமல் கொண்டுபோய்ச் சொருகினேன். டிக்கெட் வைத்துச் சந்து பார்த்தேன். நுழையவில்லை. அரங்கில் கரண்ட் வேலை நடந்ததால் போட்டுப் பார்க்க முடியவில்லை. மனம் நிறைந்து வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை மேடம் வந்து சுவிட்சைப் போட்டார்கள். கடல் வந்தது. இடது பக்கத்திலிருந்து புள்ளிச் சுறா மெதுவாக வந்தது. ஐந்தாம் பானலைத் தாண்டின தலை, அடுத்த பானலில் வராமல், ஒன்று தள்ளி வந்து நின்றது. பிறகு பின்னால் குதித்து வந்தது. பிறகு எட்டாம் பானலுக்குப் பாய்ந்தது. வாலுக்கும் வயிற்றுக்கும் நடுவில் செவுள். மஞ்சளும் அப்படியே இருக்கிறது.

“எந்தா அண்ணா இது?”

“நீங்க சொன்ன மாதிரி மாத்தி வச்சிட்டேன் மேடம்.”

“மாற்றி வச்சில்லல்லோ! மாற்றி வைக்கானல்லே ஞான் பறஞ்ஞது?” மாற்றி வைக்கத்தானே சொன்னேன், வைக்கவில்லையே என்கிறார்கள்.

“அதான் மேடம், மாத்தித்தான் வச்சிருக்கேன்!”

“எவிடெ மாற்றி?”

“இந்தா, ஆறு அங்க, ஏழு இங்க!”

அவர்கள் நெற்றியில் கை வைத்தார்கள். நாங்குநேரிக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “ரெண்டு பேரும் ஒரே வார்த்தையத்தான சொல்லுதீங்க, பொறவு எதுக்கு சண்டை?” என்றார்.

அந்த நேரம் பார்த்து வெளியே பஸ் ஹாரன். அரைமணி முன்னாலேயே வந்துவிட்டார்கள்.

வரிசையாகப் பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். என் மகள் இரண்டாவதாக. சுறாவும் அப்போதுதான் மறுபடி கிளம்பியது. ஒரு நொடி எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். தலை குதித்ததும் அரங்கு முழுக்கச் சிரிப்பு. “தல எவிடெ, தல எவிடெ?” என்று ஒரு பையன் குனிந்து பெஞ்சுக்கு அடியில் தேடுகிறான். அந்த முதல் பெண், வேலை என்ன என்று கேட்டவள், என் மகளைத் திரும்பிப் பார்த்து, “இதாணோ நின்டெ அச்சன் கெட்டிய கடல்?” என்றாள்.

உங்க அப்பா கட்டின கடல் இதுதானா. அந்த மலையாளம் எனக்கு நன்றாகவே புரிந்தது. மகள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கையிலிருந்த ஸ்பானரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பழகி வைத்த ஸ்வாகதத்தைச் சொல்ல மறந்தே போனேன். மேடம் மெல்லிய குரலில் மறுபடி, “அண்ணா, மாற்றி…” என்று தொடங்கினார்கள். நானும் மெல்லிய குரலில், “மாத்தித்தான் மேடம்…” என்றேன்.

வரிசையை விட்டு மகள் வெளியே வந்தாள். மேடத்திடம் மலையாளத்தில் கடகடவென்று ஏதோ கேட்டாள், கையால் இதை அங்கே, அதை இங்கே என்று காட்டினாள். மேடமும் அவளுக்கு விளக்கிச் சொன்னார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, அரங்குக்கே கேட்கிற மாதிரி, தமிழில்:

“அப்பா! இவங்க பாஷையில மாற்றி வைன்னா, எடுத்து ஓரமா வைன்னு அர்த்தம்! ரெண்டையும் கழத்தி ஓரமா வச்சிருந்தா, காலைல மேடம் புதுசு ரெண்டு போட்டிருப்பாங்க!”

மேடம் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நாங்குநேரிக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மகள் நிறுத்தவில்லை. “எனக்கும் ஒண்ணாம் கிளாஸ்ல இதே ஆச்சு. டீச்சர் பேக் மாற்றி வைன்னு சொன்னாங்க. நான் எம் பையை இவ இடத்துல வச்சிட்டு இவ பையை எம் இடத்துல வச்சேன். எல்லாரும் சிரிச்சாங்க.” இவள் என்று அவள் காட்டினது அந்த முதல் பெண்ணைத்தான். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் பை என்றதும் நினைவு வந்துவிட்டது போல. “என்டெ டிஃபன் இவள் தின்னு!” என்று கத்தினாள். அவள் டிஃபனை இவள் தின்றுவிட்டாளாம். இந்தத் தடவை சிரித்ததில் என் மகள் குரல்தான் பெரிசு.

நாலு வருஷமாக வீட்டில் சொல்லாத கதை. பள்ளிக்கூட வாசலில் அவள் காது ஏன் கேட்கவில்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மேடம் யோசித்தார்கள். கம்ப்யூட்டரில் ஆறையும் ஏழையும் திருப்பிவிட்டால் சுறா இப்போதே சரியாகும், ஆனால் மஞ்சள் போகாது. பானலையே எடுத்து, மேடம் கொண்டு வந்திருந்த புதிது இரண்டைப் போட்டால் முக்கால்மணி ஆகும். டீச்சர், மத்தியானம் வரை நேரம் இருக்கிறது என்றார். “அப்போ புதுசு போடலாம்” என்று நான் சொல்லிவிட்டேன். மஞ்சள் கடலை மகள் வகுப்புக்குக் காட்ட எனக்கு மனமில்லை.

ஹெட்செட்டுக்குத் தனிக் கம்ப்யூட்டர், அது ஒழுங்காக வேலை செய்தது. நாலு நாலு பேராக அதைப் போட்டுக்கொண்டு காற்றில் நீந்தினார்கள். மற்றவர்கள் தரையில் உட்கார்ந்து எங்களைப் பார்த்தார்கள். பானலை அழுத்தினால் அது கதவு மாதிரி முன்னால் வரும். வந்ததும் ஒரு “ஓ!” பின்னால் கட்டுக் கட்டாக வயர். “கடலின்டெ உள்ளில் இத்ர வயரோ!” என்றான் தலை தேடின பையன். கடலுக்குள் இவ்வளவு வயரா என்று அவனுக்கு ஆச்சரியம். சுறாவைவிட அவனுக்கு அதுதான் பிடித்துப்போனது, கடைசி வரை நகரவில்லை.

மகள் எங்கள் பக்கத்தில் நின்றுகொண்டாள். மேடம் ஏதாவது சொன்னால் உடனே எனக்குத் தமிழில் சொன்னாள். “ஸ்க்ரூ டைட் பண்ணச் சொல்லுதாங்க.” அது எனக்கு முதலிலேயே புரிந்ததுதான். ஆனாலும் அவள் சொல்கிற வரைக்கும் காத்திருந்து, “சரி” என்று தலையாட்டினேன்.

கழற்றின இரண்டு பானலையும் ஓரமாக, சுவரில் சாய்த்து வைத்தோம். அவள் இரண்டு தாள் வாங்கி, மலையாளத்திலும் தமிழிலும் எழுதி, ஒவ்வொன்றிலும் ஒட்டினாள். தமிழில் என்ன எழுதினாள் தெரியுமா? “ஓரமா இருக்கட்டும். யாரும் மாத்தாதீங்க.”

முக்கால்மணி என்றது ஒருமணி ஆகிவிட்டது. நான் டிக்கெட்டை எடுத்துச் சந்தில் விட்டேன். நுழையவில்லை. மேடம் சுவிட்சைப் போட்டார்கள். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. கடல் வந்தது. சுறா ஐந்தில் தலையை நீட்டி, ஆறில் வந்து, ஏழில் வந்து, எட்டுக்குப் போனது. உடம்பு முழுசாகத் தலைக்குப் பின்னாலேயே போனது. என் மகள்தான் முதலில் போய்க் கையை வைத்தாள். சுறா ஒதுங்கித் திரும்பிற்று. அந்த முதல் பெண்ணும் பக்கத்தில் போய் வைத்தாள். அப்புறம் சுவர் முழுக்கக் கைதான்.

பஸ் கிளம்பும்போது நான் வாசலில் நின்றேன். இப்போதாவது சொல்லிவிடலாம் என்று அந்த ஸ்வாகதத்தை நினைவுபடுத்திக்கொண்டிருந்தேன். அதைப் போகிறவர்களிடம் சொல்லக் கூடாது என்றுகூடத் தோன்றவில்லை. ஜன்னலிலிருந்து, “அப்பா, போயிட்டு வாரேன்!” என்று சத்தம்.

“ஏட்டி, கையை உள்ள போடு!” என்று கத்திவிட்டேன். கத்தின பிறகுதான் அவள் ஏட்டி வேண்டாம் என்றது ஞாபகம் வந்தது.

அவள் கையை உள்ளே எடுத்துக்கொண்டாள். பக்கத்திலிருந்த அந்தப் பெண் “ஏட்டி” என்று சொல்லிப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டாள். என் மகள் இரண்டு கையையும் ஆட்டி அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். என்ன சொன்னாள் என்று கேட்பதற்குள் பஸ் திரும்பிவிட்டது.