செங்கல் வளைவில் கிடைத்த காலேஜ் வைஃபை

இன்று காலை பஸ் செங்கல் என்ற ஊரின் வளைவைத் தாண்டவில்லை, அதற்குள் என் போன் தானாகக் காலேஜ் வைஃபையில் இணைந்துவிட்டது. காலேஜுக்கு இன்னும் அரைமணி நேரம் உண்டு.

சந்தோஷத்தில் எதையும் யோசிக்கவில்லை. இன்றைய வகுப்பில் நான் காட்ட வேண்டிய வீடியோவை டவுன்லோடு போட்டேன்.

தன் போன் திரையில் என் போனின் பெயரைப் பார்த்த என் வகுப்பு மாணவன் ஒருவன் பின்சீட்டிலிருந்து அலறினான்.

"ஐயோ சாறே, நிறுத்துங்க! அது எனக்க ஹாட்ஸ்பாட்டாக்கும். டேட்டா முழுசும் தீந்து போச்சு!"

"எலே, அதுக்கு எதுக்குலே காலேஜ் பேரு? பாஸ்வேர்டும் போடல்ல?"

"அந்தப் பேரைக் கண்டா ஒருத்தனும் தொடமாட்டான்னு நெனச்சேன் சாறே. காலேஜ் வைஃபை ஓடாதுன்னு எல்லாருக்கும் தெரியுமே."

கண்டக்டரும் சேர்ந்து சிரித்தார்.

டவுன்லோடு ஆன வீடியோவின் தலைப்பு: 'பெயரை மட்டும் நம்பி எந்த வைஃபையிலும் இணையாதீர்கள்.'

முதல் பெஞ்சில் அவன்தான் உட்காருவான். லீவு போட நல்ல காரணம் ஒன்று சொல்லுங்கள் மக்கா.