நூலகம் இரவல் கொடுத்த நாவல்

தட்டச்சுக்காரிக்குக் கதை எழுதக் கற்றுக்கொடுத்ததே நூலகத்துக் கிழிசல் புத்தகங்கள்தான். எந்தப் புண்ணியவான் கிழித்தானோ, பாதிப் புத்தகங்களுக்குக் கடைசிப் பக்கம் இருக்காது. மனசு ஆறாமல் இவளே முடிவு எழுதிப் பார்ப்பாள். அப்படியே கை பழகி, பகலெல்லாம் ஊரார் மனுக்களைத் தட்டிவிட்டு, சாயங்காலம் நூலகத்து மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து ஒரு முழு நாவலையே எழுதி முடித்தாள். வீட்டில் எங்கே எழுத? புருஷனின் வானொலி ஒரு பக்கம், நாத்தனாரின் வாய் ஒரு பக்கம்.

அடுத்தவர் மனுவுக்கெல்லாம் கார்பன் வைக்கிறவள், தன் நாவலை மட்டும் ஒற்றைப் பிரதியாக அடித்தாள். காகிதச் சிக்கனமாம்! அதை வெறும் தாளாகப் பதிப்பகத்தில் நீட்டக் கூச்சப்பட்டு பைண்டரிடம் கொடுத்தாள். நூலகத்துக் கிழிசல்களைத் தைப்பவரும் அவரே. மனுஷன் எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி நூலகத்தில் இறக்கிவிட்டார். முத்திரை குத்துகிறவர் படித்துப் பார்த்தா குத்துவார்? நாவல் அலமாரி ஏறி, அன்றைக்கே இரவலும் போய்விட்டது.

மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் நாவலைக் கொடுக்கப் பதிப்பகத்தில் கெடு. மதியம் பைண்டரிடம் அதை வாங்கப் போனவளுக்கு அப்போதுதான் விஷயம் தெரிந்தது.

"அடப்பாவி மனுஷா, என் தலையில மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே!" என்று பைண்டரைத் திட்டிவிட்டு, நூலகரிடம் முகவரி வாங்கிக்கொண்டு ஓடினாள்.

இரவல் வாங்கிய நர்ஸ் வாசற்படியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, அந்தப் புத்தகம் தப்பா வந்திருச்சு. குடுத்திருங்க."

"நல்லா இருக்கே! கதையில இவ வீட்டை விட்டுக் கிளம்பிட்டா. திரும்பி வருவாளா மாட்டாளான்னு தெரியாம எப்படிக் குடுக்கறது? உக்காருங்க, முடிச்சிட்டுத் தரேன்."

நான்தான் எழுதினேன் என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. அதற்குள் நர்ஸ் ஒரு பக்கத்தைப் படித்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். தட்டச்சுக்காரிக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. தன் எழுத்தைப் படித்து ஒருத்தர் சிரிப்பதை அவள் அதுவரை பார்த்ததே இல்லை. பதிப்பகமாவது ஒன்றாவது! படியிலேயே உட்கார்ந்து, அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து மணியும் தாண்டியது.

நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை நீட்டினாள்.

"லைப்ரரிக்குத்தானே போறீங்க? இவங்க எழுதின வேற புத்தகம் இருந்தா எனக்கு எடுத்து வைக்கச் சொல்லுங்க."

தட்டச்சுக்காரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"சொல்றேங்க. கொஞ்சம் பொறுத்துக்கணும். இனிமேதான் எழுதணும்."