பெத்ரோனா பசிலியோ எழுதிய ஒரே கடிதம்

பெத்ரோனா பசிலியோ தன் வாழ்நாளில் அரசாங்கத்துக்கு எழுதியது ஒரே ஒரு கடிதம். அவள் சொல்லச் சொல்ல அதை ஆங்கிலத்தில் எழுதியவள் நான். அதனால் அவளுக்கு நேர்ந்ததில் எனக்கும் பங்கு உண்டு. அதை மறைக்கப் போவதில்லை.

நாங்கள் இருவரும் குவாத்தமாலாவின் மேற்கு மலையில் அடுத்தடுத்த ஊர்க்காரர்கள். நான் இங்கே அமெரிக்காவில், பெல்மோர் என்ற ஊரில், ஒரு குடியுரிமைக்காரரைக் கட்டிக்கொண்டு காகிதம் பெற்றுவிட்டேன். மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளர் வேலை. அவளோ பத்தொன்பது வயதில் பாலைவனத்தை நடந்து கடந்து வந்தவள். அவள் மகள் ஆராசெலிக்கு ஞானஸ்நானத்தன்று நான்தான் ஞானத்தாய். அன்றிலிருந்து பெத்ரோனாவுக்கு நான் ‘கொமாத்ரே’, பிள்ளைக்கு ‘மாத்ரினா’.

ஊரில் இருப்பது ஒரே கோழி ஆலை. அங்கே எலும்பு நீக்கும் வரிசையில் பதினோரு வருடம் நின்றாள். வேலைக்குக் காட்டிய அட்டையில் இருந்த பெயர் சாந்திரா ஓர்டிஸ். அதிலிருந்த அரசாங்க அடையாள எண் டெக்சாஸில் யாரோ ஒரு சாந்திராவுடையது. ஒரு வருடம் சிறந்த தொழிலாளி என்று அவள் படத்தைச் சாப்பாட்டு அறைச் சுவரில் மாட்டி, அடியில் சாந்திரா என்று எழுதி வைத்தார்கள். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: “சாந்திரா நல்ல உழைப்பாளிதான் கொமாத்ரே. கை வலிக்கிறதுதான் எனக்கு.”

2014 நவம்பரில் ஜனாதிபதி தொலைக்காட்சியில் பேசினார். இங்கே பிறந்த பிள்ளைகளின் பெற்றோர், ஐந்து வருடத்துக்கு மேல் இங்கே இருந்திருந்தால், பெயரைப் பதியலாம். மூன்று வருடத்துக்குத் துரத்த மாட்டார்கள். சொந்தப் பெயரில் வேலை செய்யலாம். தேவாலயக் கூடத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். பெத்ரோனா தட்டவில்லை.

“மூணு வருஷமா? அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் புதுப்பிப்பாங்கடி.”

“யாரு? இவரா, இவருக்கு அடுத்து வர்றவரா?”

கேட்டாளே ஒழிய, மறுநாளே சாட்சிக் காகிதம் தேடத் தொடங்கினாள். அப்போதுதான் ஒன்று உறைத்தது. ஆலையில் கழிந்த பதினோரு வருடமும் சாந்திராவின் பெயரில் இருந்தது. பெத்ரோனா இந்த நாட்டில் இருந்தாள் என்பதற்கு மிஞ்சியவை ஆராசெலியின் தடுப்பூசி அட்டை, பள்ளியில் அம்மா என்று போட்ட கையெழுத்துகள், பிரசவத்துக்குப் படுத்த மருத்துவமனையின் சீட்டு. எல்லாவற்றையும் ஒரு நீலக் கோப்பில் அடுக்கினாள்.

டிசம்பரில் செய்தி மாறியது. ஜனாதிபதி தன் இஷ்டத்துக்குச் செய்துவிட்டார், சட்டம் போடும் உரிமை தங்களுக்குத்தான், இதற்கு ஒரு சல்லிக்காசு தர மாட்டோம் என்று கீழவை உறுப்பினர்கள் கிளம்பினார்கள். எங்கள் தொகுதி உறுப்பினர் முன்வரிசையில் நின்றார். ஆலையின் ஆண்டு விருந்தில் வறுத்த கோழி தின்றவர். எலும்பு நீக்கும் வரிசைக்கு வந்து எல்லோருக்கும் கைகொடுத்தவர். பெத்ரோனாவின் ஈரக் கையுறையையும் பிடித்துக் குலுக்கியிருந்தார்.

“அவருக்கு எழுதலாம் கொமாத்ரே,” என்றாள். “நம்மளப் பாத்திருக்காரு. ஆள் தெரியாமத்தான் பேசுறாரு.”

என் வீட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினோம். மகளைப் பற்றி, கூரை வேலை செய்யும் கணவன் காஸ்பாரைப் பற்றி, ஞாயிறுதோறும் தேவாலயத்தைக் கூட்டித் துடைப்பதைப் பற்றி. கடைசியில் அவள் சொன்னாள்: “ஆலையில எனக்கு வேற பேரு. சாகறதுக்குள்ள என் சொந்தப் பேருல ஒரு நாளாவது வேலை பாக்கணும்னு எழுது.”

என் பேனா நின்றது. இந்த வரி ஆபத்து என்று தெரிந்தது. ஆனால் கடிதத்திலேயே அழகான வரி அதுதான். கல்லையும் கரைக்கும் என்று நினைத்தேன். எழுதினேன். அவள் கீழே முழுப் பெயரையும் முகவரியையும் போட்டாள். தபாலில் சேர்த்தது நான்.

ஜனவரியில் ஒரு மாலை ஆராசெலி அழைத்தாள். “மாத்ரினா, சீக்கிரம் வாங்க. அம்மாவோட கடுதாசிய சபையில வாசிக்கிறாங்க.”

ஓடினேன். பதின்மூன்று வயதுப் பெண், அடுப்படியில் கைப்பேசியை வைத்துக்கொண்டு நின்றாள். திரையில் எங்கள் உறுப்பினர், சபையில். கையில் ஒரு தாள். என் தொகுதியில் பெத்ரோனா என்றொரு பெண் எனக்கு எழுதியிருக்கிறார், கோழி ஆலையில் வேறொருவர் பெயரில் வேலை செய்வதாக அவரே ஒப்புக்கொள்கிறார், இப்படிச் சட்டத்தை மீறியவர்களுக்கு ஜனாதிபதி பரிசு கொடுக்கிறார், அதைத் தடுக்கவே இந்த மசோதா என்றார். தேவாலயமும் காஸ்பாரும் அவர் வாயில் வரவேயில்லை.

ஆராசெலி வரிவரியாகத் தாய்க்கு மொழிபெயர்த்தாள். பெத்ரோனா கறுப்பு அவரையைக் கிளறிக்கொண்டே கேட்டாள்.

“என் பேர எப்படிச் சொன்னாரு? சரியாச் சொன்னாரா?”

“சரியாத்தான் சொன்னாரும்மா.”

“பரவாயில்ல,” என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று கீழவையில் தடை நிறைவேறியது. நான்காம் நாள் ஆலை மேலாளர் வரிசையை நிறுத்தினார். அந்த வரிசையில் நாற்பது பெண்கள். யார் பெத்ரோனா என்று கேட்டார். அவள் பெயர் எல்லோருக்கும் தெரியும். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. சரி, அப்படியானால் அத்தனை பேர் காகிதத்தையும் எடுத்துச் சோதிக்கிறோம் என்றார். பெத்ரோனா கத்தியைக் கீழே வைத்தாள். கையுறையைக் கழற்றிக் கையைத் தூக்கினாள்.

“நான்தான்.”

வெளியே வண்டி நிறுத்துமிடத்துக்கு அவளைக் கூட்டிவரப் போனேன். ரப்பர் காலணியைக்கூடத் திருப்பி வாங்கிக்கொண்டு, பிளாஸ்டிக் செருப்போடு அனுப்பியிருந்தார்கள்.

“அந்த வரிய நான் எழுதாம இருந்திருக்கணும்டி,” என்றேன்.

“நான் சொன்னத எழுதின. அவ்ளோதான். வண்டிய எடு, குளுருது.”

திட்டியிருந்தால் தேவலை. இன்றுவரை திட்டவில்லை.

அவளால் வேலை தப்பிய பெண்கள் முதல் வாரம் தமாலும் சோளமாவும் கொண்டுவந்தார்கள். அப்புறம் கடைத்தெருவில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். அவளோடு நின்று பேசினால் யார் கண்ணிலாவது படுவோமோ என்ற பயம். ஒருத்தி மட்டும் வெளிப்படையாகக் கேட்டாள்: “உனக்கு எதுக்குடி கடுதாசியும் கிடுதாசியும்? நீ என்ன மந்திரியா?” அவள்தான் மேலாளர் வந்த அன்று வரிசையில் பெத்ரோனாவுக்கு இரண்டு ஆள் தள்ளி நின்றவள்.

பிப்ரவரியில், பதிவு தொடங்கும் முன்பே, டெக்சாஸில் ஒரு நீதிபதி ஜனாதிபதியின் ஆணையை நிறுத்தி வைத்தார். மார்ச்சில், உறுப்பினர் கொண்டுவந்த தடை மேலவையைத் தாண்டாமல் கைவிடப்பட்டது. ஆக, ஆணையும் நடக்கவில்லை, தடையும் சட்டமாகவில்லை. அந்தச் சண்டையில் எங்கள் ஊரில் பறிபோனது ஒருத்தியின் வேலை.

ஏப்ரலில் உறுப்பினரின் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. அச்சடித்த தாள், அச்சடித்த கையெழுத்து. ‘அன்புள்ள திருமதி பசிலியோ, எழுதியதற்கு நன்றி, உங்கள் குரல் எனக்கு முக்கியம்.’ நான் அதைக் கிழிக்கப் போனேன். கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

“என் பேருல, என் முகவரிக்கு, அரசாங்கத்துலேர்ந்து வந்த காயிதம். இதவிடச் சாட்சி வேணுமா?” என்று நீலக் கோப்பில் செருகினாள். கேலியாகச் சொன்னாளா, உண்மையாகவா என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது அடுத்த ஊரில் நெடுஞ்சாலையோர விடுதியில் படுக்கை விரிக்கிறாள். அங்கே அவள் பெயர் தெலியா.

2016 ஜூனில், ஜனாதிபதியின் அந்த ஆணையைப் பற்றி உச்ச நீதிமன்றம் முடிவு சொன்ன அன்று, நான் அவளைப் பார்க்க அந்த விடுதியின் சலவை அறைக்குப் போனேன். ஒரு நாற்காலி காலி, இருக்கும் எட்டு நீதிபதிகளும் நாலுக்கு நாலு என்று பிரிந்துவிட்டார்கள் என்றேன்.

“சமமா வந்தா என்ன ஆகும்?”

“நிறுத்தி வச்சது அப்படியே நிக்கும்.”

“அப்ப அது சமம் இல்லையே,” என்றாள். விரிப்பின் ஒரு முனையை என்னிடம் நீட்டி, “நல்லா இழுத்துப் பிடி. சுருக்கம் இருந்தா திருப்பி அனுப்பிடுவாங்க,” என்றாள்.