மாலக்கி பாய்ச்சலுக்கு அடுத்த வீடு

கோல்மன் டார்ப்பி நல்ல உழைப்பாளி. சதுப்பு நிலத்தில் அடுப்பெரிக்கும் எரிமண் கட்டிகளை வெட்டி அவர் அடுக்கினால் கொத்தனார் சுவர் எழுப்பியதுபோல இருக்கும். ஆனால் அவர் வீட்டுக்கு வழி கேட்டால் எங்கள் ஊரில் யாரும் அவர் பெயரைச் சொல்லமாட்டார்கள். "மாலக்கி பாய்ச்சலுக்கு அடுத்த வீடு" என்பார்கள். தபாலும் அந்த முகவரிக்குத்தான் வரும்.

மாலக்கி டர்க்கன், கோல்மனின் மனைவி வின்னியின் முதல் கணவன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்றாம் வருடம், விடுதலைச் சண்டையில் ஆங்கிலப் பட்டாளம் துரத்தியபோது ஆற்றுப் பள்ளத்தை ஒரே தாவலில் தாண்டித் தப்பினான் என்பது ஊர்க்கதை. அக்கரைப் பாறையில் அவன் குதிகால் பதிந்த குழி உண்டு. அதில் தேங்கும் மழைத்தண்ணீரைத் தடவினால் மரு உதிரும் என்று நாலு ஊரிலிருந்தும் வருவார்கள். நாலு வருடம் கழித்து மாலக்கி நெஞ்சுச்சளியில் செத்துப்போனான். பிறகு கோல்மன் வின்னியைக் கட்டி, மாலக்கி இருந்த வீட்டுக்கே வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தார்.

வருடம் ஏற ஏற ஊர் வாயில் பள்ளமும் அகலமாகிக்கொண்டே போனது. பொறுக்கமுடியாமல் ஒருநாள் கோல்மன் கல்லைக் கட்டிய கயிற்றை அக்கரைக்கு வீசி அளந்துவிட்டு, நேராக மதுக்கடைக்கு வந்தார்.

"இருபத்துமூணு அடி. மனுசனால தாண்டவே முடியாது."

"உன்னால முடியாதுன்னு சொல்லு" என்றார் கொல்லர் பார்ட்லி. "அதனாலதான் பள்ளத்துக்கு அவன் பேரு. உனக்கு அவன் நாற்காலி."

கடையே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

மறுநாள் மத்தியானம் கோல்மன் சுத்தியலும் உளியும் எடுத்துக்கொண்டு அந்தப் பாறைக்குப் போனார். சத்தம் கேட்டு வின்னி வந்தாள்.

"என்ன பண்ற?"

"மாட்டுக்குத் தண்ணித்தொட்டி வெட்டறேன்."

"ஆத்தை வெச்சுக்கிட்டா?"

கோல்மன் சுத்தியலை வீசி எறிந்தார். "பதினோரு வருசமா அவன்கூடத்தானே குடும்பம் நடத்துற? ஒருநாளாவது என்கூட இருந்திருக்கியா?"

வின்னி பாறையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவன் தாண்டவே இல்ல, கோல்மன். மேல பள்ளம் குறுகுற இடத்துல எங்கப்பா ஏணியக் குறுக்க போட்டேன். நுனிய நான் பிடிச்சிருந்தேன். தவழ்ந்து வந்தான். பாதியில அழுதுட்டான். ஏணி விசயம் தெரிஞ்சா பட்டாளத்துக்காரனுங்க எங்கப்பா வீட்டைக் கொளுத்தியிருப்பானுங்க. அதான் தாண்டிட்டான்னு சொல்லிவெச்சோம். அந்தக் குழி எங்க பாட்டன் காலத்துலயே இருக்கு."

கோல்மனுக்கு வயிறு குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. மூன்றாம் நாள் பால் கறக்கும்போது கேட்டார்:

"எவ்வளவு நேரம் பிடிச்சிருந்த?"

"அவன் வந்து சேர்ற வரைக்கும்."

"சிப்பாய் உன்னைச் சுட்டிருந்தா?"

"செத்திருப்பேன்."

"எனக்காக ஏணியப் பிடிச்சிருப்பியா?"

"உன்னை யாருய்யா துரத்துனா?" என்று வின்னி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

அதுவரை அவர் மனதில் மாலக்கி தனியாகத்தான் தாவிக்கொண்டிருந்தான். இப்போது அக்கரையில் இருபது வயது வின்னி, உயிரை வெறுத்து, ஏணி நுனியை அழுத்திப் பிடித்தபடி மண்டியிட்டிருந்தாள். அந்த வின்னியைக் கோல்மன் கண்ணால் கண்டதே இல்லை. அந்த வருடம் கூரை வேய ஏறியபோது ஏணியைப் பிடிக்க வந்தவளை விரட்டிவிட்டு, அடுத்த வீட்டுக்காரனான என்னைக் கூப்பிட்டார். காரணம் எனக்கு அப்போது தெரியாது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சந்தை நாளில் வெளியூர் மாட்டு வியாபாரி ஒருவன் மதுக்கடையில் கதையைக் கேட்டுவிட்டுக் கெக்கலித்தான். "எங்கயாவது பலகை கிலகை போட்டிருப்பான்யா." பார்ட்லி குஷியாகக் கோல்மன் பக்கம் திரும்பினார்.

கோல்மன் கோப்பையை வைத்தார். முகம் சிவந்திருந்தது. "பலகையும் இல்ல, ஒண்ணும் இல்ல. தாண்டினான். தன்னந்தனியாத் தாண்டினான். அந்தப் பக்கம் ஒரு ஈ காக்கா கிடையாது. கயிறு போட்டு அளந்தவன் நான் சொல்றேன்."

அன்றுமுதல் கதை கேட்டு வருபவர்களை ஊர் கோல்மனிடமே அனுப்பியது. அவரும் சலிக்காமல் சொன்னார். எப்படிச் சொன்னாலும் அக்கரை காலியாகவே இருக்கும்.

ஐம்பத்தெட்டாம் வருடம் கோல்மன் போய்விட்டார். அடக்கம் முடிந்த வாரம் டீ ஊற்றிக்கொண்டே வின்னி எனக்கு எல்லாவற்றையும் சொன்னாள்.

"அவர் மாத்திச் சொல்றப்ப உங்களுக்குக் கோவம் வரலியா அக்கா?"

"வந்துச்சு. நான் பிடிச்ச ஏணி அது" என்றவள், கெண்டியைக் கீழே வைத்துவிட்டு, "பொறாமையில மனுசன் அப்படியே வெந்துக்கிட்டிருந்தான். நான் சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றாள்.

ஆறு வருடம் கழித்து அவளும் சாகக் கிடந்தாள். அவளை அடக்க மாலக்கியின் கல்லறையைத் திறக்கச் சொல்லலாமா என்று பாதிரியார் கேட்டபோது தலையை ஆட்டி மறுத்தாள்.

"கோல்மன் பக்கத்துல போடுங்க, ஃபாதர். மாலக்கியப் பாக்க ஊரே வரும். இவனுக்கு யாரு இருக்கா?"

அப்படியே செய்தோம்.